ஒரு கதவு, மூன்று பெயர்ப் பலகைகள்

அறிவோம், தெளிவோம் – மாதப் பகுதி



விஸ்வநத்தத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கடிதமே இம்மாதப் பகுதிக்குப் பொருளாக அமைகிறது. அவருடைய மகன் அவ்வூரில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் பணியில் இருக்கிறார். உரிமையாளர் ஒருவர்தாம், ஆனால் நிறுவனங்கள் மூன்று. ஒன்று அச்சகம், ஒன்று பட்டாசு விற்பனை நிலையம், இன்னொன்று லாரி புக்கிங் அலுவலகம். மூன்றுக்கும் பெயர் வேறு, கணக்குப் புத்தகம் வேறு; இருப்பதோ ஒரே கட்டடம். இம்மூன்றுக்குமாகச் சேர்த்து ஒரே மின்னஞ்சல் சர்வரை அலுவலகத்திற்குள்ளேயே அமைத்துத் தருமாறு உரிமையாளர் அவரைப் பணித்திருக்கிறார். “ஒரே இயந்திரம் மூன்று பெயர்களில் கடிதம் வாங்குவதும் அனுப்புவதும் ஏமாற்று ஆகாதா? என் மகன் செய்யும் வேலை ஹலாலானதுதானா?” என்று அந்தத் தாய் கேட்கிறார்.

மகனின் சம்பாத்தியம் தூய்மையாக இருக்க வேண்டும் என்ற கவலையில் பிறந்த கேள்வி இது. இப்படிக் கேட்கும் தாய்மார்கள் இருக்கும்வரை நம் வீடுகளில் பரக்கத் இருக்கும். ஆனால், ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு அப்பொருளைச் சரியாகப் புரிந்துகொண்ட பின்னரே பிறக்க வேண்டும் என்பது ஃபிக்ஹுக் கலை அறிஞர்களின் விதி. ஆகவே, அந்த இயந்திரம் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிவோம். விடை தானே வெளிப்படும்.

பெயர் பிறந்த வரலாறு

1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், அருகருகே நின்ற இரண்டு கணினிகளுக்கிடையே வலையமைப்பு வழியாக ஒரு செய்தியை அனுப்பினார். ஆளின் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரித்துக்காட்ட அவர் தேர்ந்தெடுத்ததே இன்று நாம் முகவரியில் காணும் @ என்ற குறி. அதற்கு இடப்புறம் ஆள், வலப்புறம் வீடு. மின்னஞ்சல் முகவரியின் இலக்கணம் இவ்வளவுதான்.

அந்நாளில் வீடுகள் குறைவு. இருந்த கணினிகளின் பெயர்கள் அனைத்தும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டு, கலிஃபோர்னியாவிலிருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டன. எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற அம்மையாரின் தலைமையிலான குழு அதனைப் பேணியது. புதிய கணினிக்குப் பெயரிட வேண்டுமாயின் அவர்களிடம் தெரிவிக்க வேண்டும். பட்டியலின் புதிய படியை எல்லா ஊர்க் கணினிகளும் எடுத்துக்கொள்ள வேண்டும். வீடுகள் பெருகப் பெருக இம்முறை தாங்கவில்லை. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் டொமைன் பெயர் முறையை வகுத்துத் தந்தார். ஒரே இடத்தில் ஒரே பட்டியல் என்ற நிலை மாறி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொறுப்பாளர் என்ற ஏற்பாடு வந்தது.

இதனைப் புரிந்துகொள்ள நம் தபால் உறையே போதும். உறையின் மேல்வரியில் ஆளின் பெயர், பிறகு தெரு, பிறகு ஊர், கடைசியில் பின்கோடு. ஆனால் தபால்காரர்கள் பிரிப்பது கீழிருந்து மேலாக. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோட்டில் முதல் இலக்கம் 6 என்றால் தெற்கே தமிழ்நாடு, கேரளப் பகுதி. 626 என்று தொடங்கினால் விருதுநகர்ப் பகுதி. 626123 என்றால் சிவகாசி. டொமைன் பெயரும் அப்படியே கடைசியிலிருந்து படிக்கப்படுகிறது. கடைசியில் ‘இன்’ என்றிருந்தால் இந்தியப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். அது அடுத்த பெயருக்கு உரியவரைக் காட்டும். அவர் வீட்டைக் காட்டுவார். இந்த ‘இன்’ என்ற முடிவு நம் நாட்டுக்கு 1989இல் கிடைத்தது. 2005ஆம் ஆண்டு முதல் எவரும் எளிதில் பதிவு செய்துகொள்ளும்படி திறந்துவிடப்பட்டது.

1986இல் இதனோடு இன்னொரு வசதியும் சேர்ந்தது. ஒரு டொமைனுக்கு வரும் கடிதங்களை எந்த இயந்திரம் வாங்கிக்கொள்ளும் என்பதைப் பொதுப் பதிவேட்டில் தனியாகக் குறித்து வைக்கலாம் என்பதே அது. இதற்கு எம்எக்ஸ் குறிப்பு என்று பெயர். நம் சகோதரியின் கேள்விக்குரிய விடையின் பாதி இந்த எம்எக்ஸ் குறிப்பில்தான் அடங்கியிருக்கிறது.

கதவைத் தட்டுபவர் யார்?

பிறர் வீட்டினுள் நுழையுமுன் அனுமதி பெற்று ஸலாம் சொல்ல வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. ஜாபிர் (ரழி) அவர்கள் ஒருமுறை நபி (ஸல்) அவர்களின் கதவைத் தட்டினார்கள். யார் என்று உள்ளிருந்து கேட்கப்பட்டபோது, தம் பெயரைச் சொல்லாமல் நான்தான் என்று மட்டும் பதில் கூறினார்கள். அப்பதிலை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. வெளியே நிற்பவர் தம் பெயரைச் சொன்னால்தானே உள்ளிருப்பவர் அடையாளம் காண முடியும்?

அஞ்சல் சர்வர்களும் இப்படியே கதவைத் தட்டுகின்றன. அனுப்பும் சர்வர் 25ஆம் எண் வாயிலில் போய் நிற்கிறது. பெறும் சர்வர் முதலில் தன் பெயரைச் சொல்கிறது. வந்தது ‘ஹலோ’ என்ற முகமன் கூறித் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப்படும் பெயரே ஹோஸ்ட்நேம். அதாவது, அந்த இயந்திரத்தின் சொந்தப் பெயர். அதன் பிறகே யாரிடமிருந்து, யாருக்கு, என்ன செய்தி என்ற பேச்சு நடக்கும்.

புதிதாகச் சர்வர் அமைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். இயந்திரத்திற்குப் பெயரிடாமல் விட்டுவிடுவார்கள். அது போகுமிடமெல்லாம் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டு நிற்கும். உலகிலுள்ள ஒவ்வொரு கணினியும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் பெயர் அது. கதவைத் தட்டி ‘நான்தான்’ என்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வேறு சிலர் ‘சர்வர்1’ என்று ஒற்றைச் சொல்லில் பெயர் வைப்பார்கள். ‘ராவுத்தர் வீட்டுப் பிள்ளை’ என்றால் நம் தெருவில் போதும். மதுரையில் யாருக்குத் தெரியும்? ஊரும் மாவட்டமும் சேர்ந்த முழு முகவரியைப் போல, ஹோஸ்ட்நேமும் டொமைனோடு சேர்ந்த முழுப் பெயராக இருக்க வேண்டும். உதாரணமாக, அச்சகத்தின் டொமைன் ‘அச்சகம்.இன்’ என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்திற்கு ‘அஞ்சல்.அச்சகம்.இன்’ என்று பெயரிடலாம்.

பெயரிட்டால் மட்டும் போதாது, சாட்சியும் வேண்டும். பெயரைக் கேட்டால் பதிவேடு அதன் எண்ணைச் சொல்ல வேண்டும். எண்ணைக் கேட்டால் அதே பெயரைச் சொல்ல வேண்டும். எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் குறிப்புக்குப் பிடிஆர் என்று பெயர். எண் நமக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திற்குச் சொந்தமானது. ஆகவே இந்தக் குறிப்பை நம் டொமைன் கணக்கில் நாமே எழுதிவிட முடியாது, அவர்களிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். பலர் இதனை அறியாமல், கடிதங்கள் திரும்பி வருவதற்குக் காரணம் புரியாமல் திகைக்கிறார்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் நிறுவனம், தன் பயனாளர்களுக்குக் கடிதம் அனுப்பும் எல்லாச் சர்வர்களிடமும் இந்த முன்பின் பொருத்தத்தை எதிர்பார்க்கிறது.

ஒரே இயந்திரம், மூன்று டொமைன்கள்

இனி மூன்று பெயர்களின் செய்திக்கு வருவோம். இயந்திரத்தின் சொந்தப் பெயர் ஒன்றுதான். ஆனால் அது எத்தனை டொமைன்களுக்கு வேண்டுமானாலும் கடிதம் வாங்கலாம். இப்படிச் சேர்க்கப்படும் டொமைன்களை விர்ச்சுவல் டொமைன்கள் என்கிறார்கள். அச்சகம், பட்டாசு நிலையம், லாரி அலுவலகம் ஆகிய மூன்றின் எம்எக்ஸ் குறிப்புகளிலும் ‘அஞ்சல்.அச்சகம்.இன்’ என்ற ஒரே பெயரை எழுதிவிட்டால் போதும். இதில் மறைவு ஏதுமில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் மூவரின் கடிதங்களையும் இந்த வீட்டில் கொடுங்கள் என்று பதிவேட்டில் பகிரங்கமாக எழுதி வைக்கிறோம். உலகில் எவரும் அதனைப் பார்த்துக்கொள்ளலாம். ஒளிவு இல்லாத இடத்தில் ஏமாற்று எங்கிருந்து வரும்?

சபா நாட்டு அரசிக்குக் கடிதத்தைக் கொண்டு சேர்த்தது ஹுத்ஹுத் பறவை. ஆனால் அரசி தம் பிரதானிகளிடம் அது சுலைமான் (அலை) அவர்களிடமிருந்து வந்தது என்றே அறிவித்தார். சுமந்தவர் வேறு, எழுதியவர் வேறு. எழுதியவரின் அனுமதியோடு சுமந்தால் அதில் குற்றமில்லை. சிவகாசி வட்டாரத்தாருக்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை. ஓர் அச்சகம் நூறு கம்பெனிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுக்கிறது. உரியவர் ஆர்டர் கொடுத்து அடித்தால் அது தொழில். உரியவருக்குத் தெரியாமல் அதே லேபிளை அடித்தால் அது போலி. இயந்திரம் ஒன்றுதான், மையும் ஒன்றுதான். வேறுபாடு அனுமதியில் இருக்கிறது.

ஆக, சகோதரியின் மகன் செய்யும் வேலை அடிப்படையில் ஆகுமானதே. ஆனால் ஆகுமான வேலையையும் அமானிதம் தவறாமல் செய்ய வேண்டும். அங்கேதான் தொழில்நுட்பத்தின் நுணுக்கம் ஒன்று இருக்கிறது.

அஞ்சல் சர்வர் மென்பொருள்களில் பரவலாகப் பயன்படுவது போஸ்ட்ஃபிக்ஸ். வீட்ஸ வெனிமா என்ற அறிஞர் உருவாக்கி 1998இல் வெளிவந்த இம்மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ‘மைஹோஸ்ட்நேம்’ என்ற வரியில் இயந்திரத்தின் பெயரை எழுத வேண்டும். ‘மைடெஸ்டினேஷன்’ என்ற வரியில், அந்த இயந்திரம் தன் சொந்த வீடாகக் கருதும் பெயர்களை எழுத வேண்டும். அவசரக்காரர்கள் மூன்று டொமைன்களையும் இந்த இரண்டாவது வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். கடிதங்கள் வரத்தான் செய்யும். வேலை முடிந்தது போலவும் தோன்றும். ஆனால் அந்த வரியில் எழுதப்பட்ட எல்லா டொமைன்களுக்கும் பெட்டிகள் பொதுவாகிவிடுகின்றன. ‘கணக்கு’ என்ற ஆளுக்கு அச்சகத்தின் பெயரில் வந்தாலும், பட்டாசு நிலையத்தின் பெயரில் வந்தாலும், லாரி அலுவலகத்தின் பெயரில் வந்தாலும் ஒரே பெட்டியில் விழும். அச்சகத்துக்குக் காகித வியாபாரி அனுப்பிய விலைப்பட்டியலைப் பட்டாசு நிலையத்துக் கணக்கர் படிப்பார். இன்று உரிமையாளர் ஒருவரே என்பதால் இது பெரிதாகத் தோன்றாது. நாளை அவருக்குப் பின் பிள்ளைகள் மூவரும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டால்? பாகப்பிரிவினைக்குப் பின்னும் ஒருவர் கடிதம் மற்றவர் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தால் உறவு என்னாகும்?

சரியான வழி இதுதான். கூடுதல் டொமைன்களை ‘விர்ச்சுவல்’ என்ற தனிப் பட்டியலில் எழுதி, ஒவ்வொரு முகவரியும் எந்தப் பெட்டிக்குச் செல்ல வேண்டும் என்பதை முழு முகவரியோடு குறிக்க வேண்டும். அச்சகத்தின் ‘கணக்கு’ ஒருவருக்கு; லாரி அலுவலகத்தின் ‘கணக்கு’ இன்னொருவருக்கு. ஒரே டொமைனை மைடெஸ்டினேஷன் வரியிலும் விர்ச்சுவல் பட்டியலிலும் சேர்த்து எழுதக் கூடாது. எழுதினால் சர்வருக்குக் குழப்பம். பதிவில் எச்சரிக்கை வரும். சில கடிதங்கள் ‘இப்படி ஆள் இல்லை’ என்று திரும்பும்.

இன்னொரு சோம்பேறித்தனமும் உண்டு. ஒரு டொமைனுக்கு எந்தப் பெயரில் கடிதம் வந்தாலும் ஒரே பெட்டியில் போட்டுவிடும்படி அமைப்பது. தவறான எழுத்தோடு வரும் அந்தரங்கக் கடிதங்கள் எல்லாம் அந்த ஒருவர் கண்ணில் படும். குப்பைக் கடிதங்களும் வந்து குவியும். இல்லாத ஆளுக்கு வரும் கடிதத்தை வாங்கிவைத்துப் பிறகு திருப்பி அனுப்புவதும் முறையன்று; போலியாக எழுதப்பட்ட அனுப்புநர் முகவரிக்கே அது திரும்பிச் சென்று, ஒன்றுமறியாத ஒருவருக்குத் தொல்லையாகும். வாசலிலேயே ‘அப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று சொல்லிவிடுவதே நேர்மை.

உள்வீட்டுப் பெயரும் வெளியூர்ப் பயணமும்

அலுவலகத்தினுள் இருக்கும் கணினிகளுக்கு 192.168 என்று தொடங்கும் எண்கள் இருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். 1996ஆம் ஆண்டு விதிப்படி ஒதுக்கப்பட்ட உள்வீட்டு எண்களில் இவையும் சேரும். வெளி உலகில் இவற்றுக்கு மதிப்பில்லை. ஆகவே உள்ளிருப்பவர் கேட்கும்போது சர்வரின் உள் எண்ணையும், வெளியார் கேட்கும்போது வெளி எண்ணையும் சொல்லும்படி பெயர்ப் பதிவை இரண்டாக வைக்க வேண்டியிருக்கும்.

உள்வீட்டுப் பெயர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. எவருக்கும் சொந்தமில்லை என்று நினைத்துப் பலர் ‘கார்ப்’, ‘ஹோம்’, ‘மெயில்’ என்றெல்லாம் முடியும் பெயர்களைத் தாமாக வைத்துக்கொண்டார்கள். இதனால் குழப்பம் நேரும் என்று அஞ்சி, உலகப் பெயர்ப் பதிவுகளை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு 2018இல் இம்மூன்றையும் எவருக்கும் வழங்குவதில்லை என்று நிறுத்திவைத்தது. ‘கார்ப் டாட் காம்’ என்ற பெயரைத் தனிமனிதர் ஒருவர் வைத்திருந்தார். பல நிறுவனங்களின் கணினிகள் தம் உள்வீட்டுப் பெயர் என்று எண்ணி அந்த அந்நியர் வீட்டுக்கே தகவல்களை அனுப்பிக்கொண்டிருந்தன. கடவுச்சொல் தொடர்பானவையும் அவற்றில் இருந்தன. தவறானவர் கையில் சேராமல் தடுக்க மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2020இல் அப்பெயரை விலை கொடுத்து வாங்க நேர்ந்தது. கற்பனைப் பெயர் என்று நாம் நினைப்பது பிறருடைய உண்மைப் பெயராக இருக்கக்கூடும்.

உள்வீட்டுக்கென்றே ‘இன்டர்னல்’ என்ற முடிவை ஐகான் 2024இல் ஒதுக்கியது. அதனைப் பயன்படுத்தலாம், அல்லது தமக்குச் சொந்தமான டொமைனின் கீழேயே ‘உள்.அச்சகம்.இன்’ என்பதுபோல் ஒரு கிளைப் பெயரை வைத்துக்கொள்ளலாம். எதுவாயினும் உள்வீட்டுப் பெயர் அனுப்புநர் முகவரியில் ஒட்டிக்கொண்டு வெளியே போகக் கூடாது. அப்படியொரு டொமைன் உலகப் பதிவேட்டில் இல்லாததால், வெளிச் சர்வர்கள் அக்கடிதத்தை மறுத்துவிடும். வீட்டில் அழைக்கும் செல்லப் பெயரை எவரும் பாஸ்போர்ட்டில் எழுதுவதில்லை அல்லவா?

தமிழிலேயே டொமைன் பெயர் வைக்க முடியுமா என்று சிலர் கேட்பதுண்டு. முடியும். இலங்கைக்கு ‘.இலங்கை’ 2010இலும், நம் நாட்டுக்கு ‘.இந்தியா’ 2011இலும் கிடைத்தன, சிங்கப்பூருக்கும் ‘.சிங்கப்பூர்’ உண்டு. ஆனால் @ குறிக்கு இடப்புறமும் தமிழில் எழுத வேண்டுமாயின், இருபக்கச் சர்வர்களும் 2012இல் வகுக்கப்பட்ட விதியை ஏற்றவையாக இருக்க வேண்டும். எல்லாச் சர்வர்களும் அந்நிலைக்கு வந்துவிடவில்லை. ஆகவே தமிழ் முகவரி வைப்போர் ஆங்கில எழுத்து முகவரி ஒன்றையும் அதே பெட்டிக்கு வைத்துக்கொள்வது நலம்.

முன்பின் தெரியாதவர் பார்சல்

சிவகாசி லாரி புக்கிங் அலுவலகத்தில் முகம் தெரியாத ஒருவர் வந்து, பில் இல்லாத பார்சலை வைத்து ‘இதனை டெல்லிக்கு அனுப்புங்கள்’ என்றால் குமாஸ்தா ஏற்றுவாரா? உள்ளே என்ன இருக்கிறது என்ற பொறுப்பு அவர் தலையில் விழும். ஆனால் தொடக்க காலத்து அஞ்சல் சர்வர்கள், யார் கொடுத்தாலும் எந்த ஊருக்கும் கடிதத்தைக் கொண்டு சேர்த்தன. எல்லாரும் நல்லவர்கள் என்று நம்பிய காலம் அது. விளம்பரக் குப்பைகளை அனுப்புவோர் அந்தத் திறந்த வாசலைப் பயன்படுத்திக்கொண்டனர். புகழ்பெற்ற சென்ட்மெயில் மென்பொருளின் 8.9ஆம் பதிப்பு 1998இல் வந்தபோதுதான் அந்த வாசல் இயல்பாகவே மூடப்பட்ட நிலைக்கு மாறியது.

போஸ்ட்ஃபிக்ஸில் ‘மைநெட்வொர்க்ஸ்’ என்ற வரி இதற்கானது. எந்தக் கணினிகள் கொடுக்கும் கடிதத்தை வெளியூருக்குக் கொண்டு போகலாம் என்பதை அங்கே எழுத வேண்டும். ‘ஒரு கணினியிலிருந்து போகவில்லை’ என்று புகார் வந்தவுடன் உலகம் முழுவதையும் அந்த வரியில் எழுதிவிட்டுத் தூங்கப் போகும் பணியாளரும் உண்டு. விடிவதற்குள் அந்தச் சர்வர் ஆயிரக்கணக்கான மோசடிக் கடிதங்களைச் சுமந்து, தடைப்பட்டியல்களில் இடம்பெற்றிருக்கும். வெளியூரில் இருக்கும் நம் ஆட்கள் 587ஆம் எண் வாயிலில் கடவுச்சொல்லைச் சொல்லி நுழையட்டும். உள்ளே நுழைந்தவரும் தமக்குரிய பெயரில் மட்டுமே எழுத முடியும்படி, எந்த ஆளுக்கு எந்த அனுப்புநர் முகவரி என்று முடிச்சுப் போட்டு வைக்க வேண்டும். இல்லையேல் லாரி அலுவலகத்து ஊழியர் அச்சகத்தின் பெயரில் எழுதலாம். சர்வர் மறுப்புச் சொல்லாது.

நம் அண்டையில் நடந்தது

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள் அல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்திவரும் ஜோஹோ நிறுவனத்தை அறிவீர்கள். உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்குச் சேவையளிக்கும் அந்நிறுவனத்தின் ‘ஜோஹோ டாட் காம்’ என்ற பெயரையே, 2018 செப்டம்பர் 24 அன்று அப்பெயரைப் பதிவு செய்து கொடுத்திருந்த அமெரிக்க நிறுவனம் நிறுத்திவைத்தது. ஜோஹோவின் மின்னஞ்சலைப் பயன்படுத்திச் சிலர் மோசடிக் கடிதங்கள் அனுப்பினர் என்ற புகார்களே காரணமாகச் சொல்லப்பட்டன. தமக்கு வந்த புகார்கள் மூன்றே என்றும், இரண்டின்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்றும், மூன்றாவது விசாரணையில் இருந்தது என்றும் ஜோஹோ விளக்கியது. கட்டடம் இருந்தது, இயந்திரங்கள் ஓடின, கடிதங்கள் உள்ளே பத்திரமாக இருந்தன. பெயர் இல்லாததால் வாசல் தெரியவில்லை. அதன் அப்போதைய தலைவர் ஸ்ரீதர் வேம்பு பொதுவெளியில் முறையிட வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் பெயர் மீட்கப்பட்டாலும், எத்தனையோ அலுவலகங்களின் வேலை அன்று நின்றுபோனது.

அதே நிறுவனத்தைக் கொண்டு இன்னொரு பாடத்தையும் பார்க்கலாம். 2025ஆம் ஆண்டில் மத்திய அரசின் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் கணக்குகள் ஜோஹோவின் அமைப்புக்கு மாற்றப்பட்டன. ஆனால் அதிகாரிகளின் முகவரிகளில் ‘ஜிஓவி டாட் இன்’, ‘என்ஐசி டாட் இன்’ என்ற முடிவுகள் முன்போலவே நீடிக்கின்றன. வீடு மாறியது, பெயர் மாறவில்லை. பெயர் அரசின் கையில் இருப்பதால் அது சாத்தியமாயிற்று. முதல் நிகழ்ச்சியில் வீடு இருந்தும் பெயர் போயிற்று. இரண்டாவதில் வீடு மாறியும் பெயர் நின்றது. இயந்திரத்தைவிடப் பெயரே பெரிய சொத்து என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

முத்திரையின் பாடம்

அயல்நாட்டு மன்னர்கள் முத்திரையில்லாத கடிதத்தைப் படிக்கமாட்டார்கள் என்று அறிவிக்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்து முத்திரையாகக் கொண்டார்கள். அதே வாசகத்தைப் பிறர் தம் மோதிரங்களில் பொறிக்கக் கூடாது என்றும் தடுத்தார்கள். பெயர் தனித்து இருந்தால்தான் அது சான்றாகும். பின்னர் முஆவியா (ரழி) அவர்களின் ஆட்சியில், ஒருவருக்கு ஒரு லட்சம் திர்ஹம் வழங்குமாறு எழுதப்பட்ட ஆணையை அவர் வழியில் பிரித்து இரண்டு லட்சமாகத் திருத்திக்கொண்டார். கணக்கு வந்தபோது உண்மை வெளிப்பட்டது. அதன் பின்னரே கடிதங்களை மூடி முத்திரையிடுவதற்கென்று தனி அலுவலகம் ஏற்படுத்தப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

இன்றைய அஞ்சல் சர்வருக்கும் முத்திரைகள் உண்டு. எந்த எண்ணிலிருந்து வரும் கடிதம் எங்களுடையது என்று பதிவேட்டில் அறிவிப்பது எஸ்பிஎஃப். வழியில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும் கணித முத்திரை டிகேஐஎம். இவற்றில் எதுவும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்லி வைப்பது டிமார்க். மூன்று டொமைன்கள் இருந்தால் மூன்றுக்கும் தனித்தனியே இவற்றை எழுத வேண்டும். ஒன்றுக்கு எழுதி மற்ற இரண்டை மறந்தால், அந்த இரண்டின் பெயரில் எவரும் போலிக் கடிதம் விடலாம்.

சர்வர் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகள் மூன்று காரியங்களை எழுத்தில் வைத்துக்கொள்ளட்டும். எந்தெந்த டொமைனுக்குக் கடிதம் வாங்க உரிமையாளர் அனுமதித்திருக்கிறார் என்ற பட்டியலில் அவர் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். நாளை யாரேனும் பட்டியலில் இல்லாத, பிறருக்குச் சொந்தமான நான்காவது பெயரில் கடிதம் அனுப்பச் சொன்னால், பணிவோடு மறுக்க அதுவே துணை. அந்த இடத்தில்தான் ஹலாலும் ஹராமும் பிரிகின்றன. இரண்டாவதாக, ஒவ்வொரு டொமைனிலும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற பெட்டி இருப்பது விதி. ‘அப்யூஸ்’ என்ற புகார்ப் பெட்டியும் வேண்டும். அவற்றை அன்றாடம் திறந்து படியுங்கள். மூன்றாவதாக, டொமைன் பதிவு யார் பெயரில் இருக்கிறது, எந்நாளில் புதுப்பிக்க வேண்டும், கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்பவற்றை உரிமையாளரின் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். பதிவு உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டுமேயன்றிப் பணியாளர் பெயரில் இருக்கலாகாது. பணியைவிட்டு விலகும் நாளில் அனைத்தையும் ஒப்படைத்துவிட்டு வெளியேறுவது அமானிதத்தின் நிறைவு.

நபி (ஸல்) அவர்களின் அந்த முத்திரை மோதிரம் அபூபக்ர் (ரழி), உமர் (ரழி) ஆகியோரின் கைகளில் இருந்து, பிறகு உஸ்மான் (ரழி) அவர்களிடம் வந்தது. அரீஸ் கிணற்றருகே அமர்ந்திருந்தபோது அது நழுவிக் கிணற்றில் விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் தேடினார்கள், நீரை இறைத்தும் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. அத்தகைய பெருமக்களின் கையிலிருந்தே ஒரு முத்திரை நழுவக்கூடுமானால், நாம் எத்துணை விழிப்போடு இருக்க வேண்டும்!

நம் பெயரை உண்மையோடு சொல்லவும், பிறர் பெயரைக் கண்ணியத்தோடு காக்கவும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை உரியவரிடம் சேர்ப்பிக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.